சாட்டிலைட்டின் முகம் எந்தப் பக்கம்? எக்ஸெலில் கண்டுபிடிக்கலாம்

செல்போனைப் படுக்கையாகத் திருப்பினால் படமும் படுக்கையாகத் திரும்புகிறது. மேப்பைத் திறந்தால் நாம் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறோம் என்று அம்புக்குறி காட்டுகிறது. போனுக்கு இது எப்படித் தெரிகிறது? இதே கேள்விதான் பூமிக்கு 500 கி.மீ. உயரத்தில் சுற்றும் சின்ன சாட்டிலைட்டுக்கும். அது எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று அதற்கு யார் சொல்வது? இந்த மாதம் அந்தக் கணக்கை நம் வீட்டு கம்ப்யூட்டரிலேயே போட்டுப் பார்க்கப் போகிறோம். பயப்பட வேண்டாம். கூட்டல், கழித்தல், பெருக்கல் தவிர வேறு எதுவும் கிடையாது. எக்ஸெல் இருந்தால் போதும். இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் புரோகிராமைப் பயன்படுத்தலாம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக் கொள்வோம். "அதுதான் ஜி.பி.எஸ். இருக்கிறதே" என்று பலரும் கேட்கிறார்கள். சாட்டிலைட் எந்த இடத்தில் இருக்கிறது என்பதைத்தான் ஜி.பி.எஸ். சொல்லும். எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதைச் சொல்லாது. நீங்கள் அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் நிற்கிறீர்கள் என்பது வேறு, மதுரை ரோட்டைப் பார்த்து நிற்கிறீர்களா, முதுகைக் காட்டி நிற்கிறீர்களா என்பது வேறு. இந்த இரண்டாவது விஷயத்தைத் திசைநிலை என்று வைத்துக் கொள்வோம்.

திசைநிலை தெரியாவிட்டால் என்ன நஷ்டம்? கன்னியாகுமரி மாவட்டம் குமாரகோவிலில் உள்ள நூருல் இஸ்லாம் பல்கலைக்கழகம் நியூசாட் என்ற 15 கிலோ சாட்டிலைட்டைத் தயாரித்தது. 2017 ஜூன் 23 அன்று பி.எஸ்.எல்.வி. சி-38 ராக்கெட் அதைச் சுமார் 505 கி.மீ. உயரத்தில் கொண்டு விட்டது. பயிர் நிலவரம், இயற்கைச் சீற்றம் இவற்றைப் படம் பிடிப்பது அதன் வேலை. திருச்சுழி பக்கத்து மானாவாரிக் காடுகளில் இந்த வருடம் எவ்வளவு பயிர் நிற்கிறது, எந்தக் கண்மாயில் தண்ணீர் கிடக்கிறது என்பதெல்லாம் இப்படிப்பட்ட கேமராக்களின் கண்ணில் படுகிற சங்கதிகள். அந்த உயரத்திலிருந்து கேமரா ஒரே ஒரு டிகிரி பிசகினால், தரையில் ஏறத்தாழ 9 கி.மீ. தள்ளிப் போய்விடும். அருப்புக்கோட்டையைப் படம் எடுக்க நினைத்த கேமரா திருச்சுழிக்குப் போகும் வழியில் பாதிக்கு மேல் போயிருக்கும். பத்து இருபது டிகிரி பிசகினால் மாவட்டமே மாறிவிடும். இன்னும் பிசகினால் என்ன ஆகும் என்பதைக் கணக்கில் பார்ப்போம்.

எல்லா சாட்டிலைட்டுக்கும் இந்தத் தலைவலி கிடையாது. சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தின் அனுசாட் (சுமார் 40 கிலோ, 2009 ஏப்ரல் 20 அன்று ஏவப்பட்டது) பம்பரம் மாதிரி சுழன்று கொண்டே தன் நிலையைக் காப்பாற்றிக் கொண்டது. தகவலை வாங்கி வைத்திருந்து பிறகு அனுப்புவதுதான் அதன் வேலை என்பதால் அது போதுமானதாக இருந்தது. 2016 ஜூன் 22 அன்று பி.எஸ்.எல்.வி. சி-34 ராக்கெட்டில் சென்னை சத்யபாமா பல்கலைக்கழகத்தின் சத்யபாமாசாட்டுடன் சேர்ந்து போன புனே பொறியியல் கல்லூரியின் ஸ்வயம், வெறும் ஒரு கிலோ எடை. அதற்குள் ஒரு நிரந்தரக் காந்தத்தை வைத்து விட்டார்கள். திசைகாட்டி முள் மாதிரி அது தானாகவே பூமியின் காந்தப் புலத்தோடு ஒட்டி நிற்கும். எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது. பேட்டரி செலவில்லை, புரோகிராம் இல்லை, ரிப்பேரும் இல்லை. ஆனால் கேமராவை ஓர் ஊரைப் பார்த்து நிறுத்த இந்த வித்தை உதவாது. அதற்கு அளந்தே ஆக வேண்டும்.

எதை வைத்து அளப்பது? கொத்தனார் சுவர் எழுப்பும்போது தூக்குக்குண்டைத் தொங்க விடுகிறார். செங்குத்து எது என்று அது சொல்லிவிடும். ஆனால் வாசல் கிழக்குப் பார்த்து இருக்கிறதா என்று தூக்குக்குண்டு சொல்லுமா? சொல்லாது. அதற்குச் சூரியனையோ திசைகாட்டியையோ பார்க்க வேண்டும். ஆக, ஒரு திசை மட்டும் தெரிந்தால் போதாது, இரண்டு வேண்டும். குடையை எடுத்துக் கொண்டு மொட்டை மாடிக்குப் போங்கள். குடையின் உச்சியைச் சூரியனுக்கு நேராகப் பிடித்து, கைப்பிடியை உருட்டுங்கள். குடை சுற்றுகிறது, உச்சி மட்டும் சூரியனைப் பார்த்தபடியே இருக்கிறது. "சூரியன் எனக்கு நேர் எதிரே இருக்கிறது" என்று மட்டும் தெரிந்த சாட்டிலைட்டின் நிலைமையும் இதுதான். அது எவ்வளவு உருண்டிருக்கிறது என்று அதற்குத் தெரியாது. இரண்டாவதாக வேறொரு திசையும் தெரிந்தால் அந்தச் சுற்று நின்றுவிடும்.

செல்போனில் இந்த இரண்டு திசைகளும் கிடைத்துவிடுகின்றன. ஆக்சிலரோமீட்டர் என்ற சென்சார் கொத்தனாரின் தூக்குக்குண்டு வேலையைச் செய்கிறது. மேக்னட்டோமீட்டர் திசைகாட்டி வேலையைச் செய்கிறது. அப்படியானால் ஒரு செல்போனையே சாட்டிலைட்டில் வைத்து அனுப்பிவிடலாமே? முடியாது. பிளே ஸ்டோரில் சென்சார் அளவுகளைக் காட்டும் இலவச ஆப் ஏதாவது ஒன்றை இறக்கிக் கொள்ளுங்கள். போன் மேஜையில் இருக்கும்போது ஆக்சிலரோமீட்டர் 9.8 என்று காட்டும். அளவுகளைப் பதிவு செய்யும் வசதியை ஆன் செய்துவிட்டு, மெத்தைக்கு ஒரு சாண் மேலே பிடித்து விட்டுவிடுங்கள். (மெத்தை மேல் மட்டும்!) பிறகு பதிவைப் பார்த்தால், விழுந்து கொண்டிருந்த அந்த நொடிப் பொழுதில் அளவு பூஜ்யத்தை ஒட்டி இறங்கியிருக்கும். சாட்டிலைட் நாள் முழுவதும் அப்படித்தான் பூமியைச் சுற்றி விழுந்து கொண்டே இருக்கிறது. அதனால் அங்கே தூக்குக்குண்டு வேலை செய்யாது, மேல் கீழ் என்பதே தெரியாது.

ஆகவே சின்ன சாட்டிலைட்டுகள் தூக்குக்குண்டுக்குப் பதில் சூரியனை எடுத்துக் கொள்கின்றன. இதற்குப் பெரிய கருவி தேவையில்லை. சோலார் செல்லில் வெயில் நேராக விழுந்தால் முழு கரண்ட் வரும், 60 டிகிரி சாய்வாக விழுந்தால் பாதிதான் வரும். ஆறு பக்கங்களிலும் ஆறு செல்களை வைத்து, எதில் எவ்வளவு கரண்ட் என்று பார்த்தாலே சூரியன் எந்தப் பக்கம் என்று ஓரளவு தெரிந்துவிடும். பூமியில் பட்டுத் திரும்பும் வெளிச்சமும் இந்த செல்களில் விழுந்து கணக்கைக் கெடுக்கும் என்பதால், துல்லியம் வேண்டுகிறவர்கள் இதற்கென்றே செய்த சன் சென்சாரைப் பொருத்துவார்கள். நட்சத்திரங்களைப் படம் எடுத்து, கையில் உள்ள பட்டியலோடு ஒப்பிடும் ஸ்டார் சென்சார் இதையெல்லாம் விட எவ்வளவோ துல்லியமானது. விலையும் அதற்கேற்ற மாதிரி.

இரண்டாவது திசை, பூமியின் காந்தப் புலம். இதில் எங்கள் ஊர்ப் பக்கத்துக்கு ஒரு விசேஷம் உண்டு. வட இந்தியாவில் காந்தப் புலம் வடக்கு நோக்கிப் போவதோடு நன்றாகத் தரைக்குள்ளும் சாய்கிறது. டெல்லியில் அந்தச் சாய்வு 40 டிகிரிக்கும் மேல். தெற்கே வர வர சாய்வு குறைந்து, திருநெல்வேலி வட்டாரத்தில் அனேகமாக இல்லாமலே போகிறது. காந்த நடுக்கோடு அந்தப் பக்கம் ஓடுவதால்தான் இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனம் திருநெல்வேலியில் ஓர் ஆராய்ச்சிக்கூடமே வைத்திருக்கிறது. அருப்புக்கோட்டையில் சாய்வு சில டிகிரிதான். இங்கே உங்கள் போனை மேஜையில் மல்லாக்க வைத்து, தலைப்பக்கம் வடக்கே இருக்கும்படி திருப்பினால், மேக்னட்டோமீட்டரில் ஒய் அளவு 40 மைக்ரோடெஸ்லாவை ஒட்டியும் எக்ஸ், இசட் அளவுகள் பூஜ்யத்தை ஒட்டியும் இருக்கும். இரும்பு பீரோ, கட்டில், ஸ்பீக்கர் பக்கத்தில் வைத்துப் பார்க்காதீர்கள், கண்டபடி காட்டும். சாட்டிலைட்டிலும் இதே தொல்லை உண்டு. உள்ளே ஓடும் கரண்டே காந்தத்தை உண்டாக்கும் என்பதால், சிலவற்றில் மேக்னட்டோமீட்டரை ஒரு கம்பியின் நுனியில் தள்ளி வைக்கிறார்கள்.

இனி கணக்கு. ஏப்ரல் 10 வாக்கில், அதாவது சித்திரை பிறக்க நான்கைந்து நாட்கள் இருக்கும்போது, காலை 9.50 மணி சுமாருக்கு ஒரு சாட்டிலைட் அருப்புக்கோட்டைக்கு நேர் மேலே வருகிறது என்று வைத்துக் கொள்வோம். அந்த நேரத்தில் சூரியன் நேர் கிழக்கே, அடிவானத்திலிருந்து 53 டிகிரி உயரத்தில் இருக்கும். திசையை மூன்று எண்களாக எழுதுவோம்: கிழக்கே எவ்வளவு, வடக்கே எவ்வளவு, மேலே எவ்வளவு. சூரியனுக்கு 0.6, 0, 0.8. காந்தப் புலம் படுக்கையாக வடக்கு நோக்கி இருப்பதால் 0, 1, 0. நம் ஊரில் இருப்பதன் லாபம், எண்கள் இவ்வளவு சுலபமாக வருகின்றன! உண்மையான சாட்டிலைட்டில் காந்தத் திசையைச் சொல்ல, ஐந்து ஆண்டுகளுக்கு ஒரு முறை புதுப்பிக்கப்படும் சர்வதேசக் காந்தப் புல அட்டவணையைக் கம்ப்யூட்டரில் ஏற்றி வைப்பார்கள்.

எக்ஸெலைத் திறந்து கொள்ளுங்கள். (செல்களின் பெயரைத் தமிழில் எழுதியிருக்கிறேன். நீங்கள் டைப் செய்யும்போது ஆங்கில எழுத்துகளையே பயன்படுத்துங்கள்.) பி2, சி2, டி2 செல்களில் 0.6, 0, 0.8 என்று சூரியனின் திசையையும், அதன் கீழே பி3, சி3, டி3 செல்களில் 0, 1, 0 என்று காந்தத்தின் திசையையும் டைப் செய்யுங்கள். நான்காவது வரிசையில் இந்த இரண்டுக்கும் செங்குத்தான மூன்றாவது திசையை எக்ஸெலே கண்டுபிடிக்கட்டும்:

பி4 செல்லில் =சி2*டி3-டி2*சி3
சி4 செல்லில் =டி2*பி3-பி2*டி3
டி4 செல்லில் =பி2*சி3-சி2*பி3

எண்டர் தட்டியதும் -0.8, 0, 0.6 என்று வர வேண்டும். வரவில்லை என்றால் ஃபார்முலாவை ஒரு முறை சரி பாருங்கள்.

இது வெளியே இருக்கும் உண்மை நிலவரம். அடுத்தது, சாட்டிலைட்டின் சென்சார்கள் என்ன சொல்கின்றன என்பது. சாட்டிலைட்டின் உடம்பில் எக்ஸ், ஒய், இசட் என்று மூன்று அச்சுகள். கேமரா இசட் அச்சில் இருக்கிறது. இ காலத்தைக் காலியாக விட்டுவிட்டு, எஃப்2, ஜி2, ஹெச்2 செல்களில் சன் சென்சார் சொன்ன 0.6, 0, -0.8 ஆகிய எண்களையும், எஃப்3, ஜி3, ஹெச்3 செல்களில் மேக்னட்டோமீட்டர் சொன்ன 0, -1, 0 ஆகிய எண்களையும் போடுங்கள். நான்காவது வரிசைக்கு மறுபடி டைப் செய்ய வேண்டியதில்லை. பி4 முதல் டி4 வரை செலக்ட் செய்து, காப்பி செய்து, எஃப்4 செல்லில் பேஸ்ட் செய்தால் போதும். எக்ஸெல் தானாகவே செல் பெயர்களை மாற்றிக் கொள்ளும். -0.8, 0, -0.6 என்று வரும்.

கடைசியாக, கேமரா எந்தப் பக்கம் பார்க்கிறது? பி6 செல்லில் இப்படி டைப் செய்யுங்கள்:

=$ஹெச்2*பி2+$ஹெச்3*பி3+$ஹெச்4*பி4

எண்டர் தட்டிவிட்டு, அந்த செல்லின் வலது கீழ் மூலையைப் பிடித்து டி6 வரை இழுங்கள். டாலர் குறி எதற்கு என்று கேட்பீர்கள். அது இல்லாமல் இழுத்தால் ஹெச் என்பது அடுத்த எழுத்துக்கு ஓடிவிடும். டாலர் போட்டால் அந்தக் காலம் ஆணி அடித்த மாதிரி நிற்கும். புதிதாக எக்ஸெல் கற்பவர்கள் கட்டாயம் தெரிந்து கொள்ள வேண்டிய குறி இது.

விடை 0, 0, -1. கிழக்கும் இல்லை, வடக்கும் இல்லை, நேர் கீழே. கேமரா அருப்புக்கோட்டையைச் சரியாகப் பார்க்கிறது. படம் எடுக்கலாம். (பூஜ்யத்துக்குப் பதில் மிகச் சிறிய எண் ஏதாவது வந்தாலும் கவலைப்பட வேண்டாம், பூஜ்யம்தான்.)

இந்த முறைக்கு ட்ரையட் என்று பெயர். அமெரிக்காவின் ஹரால்டு பிளாக் 1964-ல் வெளியிட்டது. நான் இங்கே சுருக்கித்தான் கொடுத்திருக்கிறேன். சூரியத் திசையும் காந்தத் திசையும் நம் ஊருக்கு மேல் அந்த நேரத்தில் சரியாக 90 டிகிரியில் இருப்பதால் வேலை குறைந்தது. மற்ற இடங்களில் நான்காவது வரிசையின் நீளத்தை 1 ஆக்கிக் கொண்டு, அதையும் சூரியத் திசையையும் வைத்து இன்னொரு முறை அதே பெருக்கலைச் செய்ய வேண்டும். இரண்டுக்கு மேல் பல சென்சார்கள் இருந்து, ஒன்றுக்கொன்று லேசாக முரண்பட்டால் எதை நம்புவது என்ற கேள்வியை 1965-ல் கிரேஸ் வாபா என்ற பெண்மணி கணக்காக எழுதிக் கேட்டார். அதற்கு விடை காணும் முறைகளைத்தான் பெரிய சாட்டிலைட்டுகளில் இன்றும் பயன்படுத்துகிறார்கள்.

நம் ஷீட்டை மூடிவிடாதீர்கள், முக்கியமான இடத்துக்கு வந்திருக்கிறோம். இதுவரை போட்டது சென்சார் சரியாகச் சொன்ன கணக்கு. மேக்னட்டோமீட்டரைப் பொருத்தியவர் ஒய் அச்சைத் தலைகீழாகப் பொருத்திவிட்டார் என்று வையுங்கள். அதே நிலையில் நிற்கும் சாட்டிலைட் இப்போது ஜி3 செல்லில் -1 என்பதற்குப் பதில் 1 என்று சொல்லும். ஒரே ஒரு மைனஸ் குறி போய்விட்டது. மாற்றிப் பாருங்கள். விடை -0.96, 0, -0.28 ஆகிவிடும். அதாவது கேமரா மேற்கே, படுக்கைக் கோட்டுக்கு 16 டிகிரி மட்டுமே கீழே பார்க்கிறது என்று கம்ப்யூட்டர் நம்பும். 500 கி.மீ. உயரத்திலிருந்து பூமியின் விளிம்பே சுமார் 22 டிகிரி கீழேதான் தெரியும். ஆக, "என் கேமரா பூமியையே பார்க்கவில்லை, வெறும் வானத்தைப் பார்க்கிறது" என்று முடிவு செய்து, சரியாக நின்று கொண்டிருந்த சாட்டிலைட்டை அதுவே திருப்பிக் கெடுத்துவிடும்.

இது வெறும் கற்பனை பயம் அல்ல. 2013 ஜூலை 2 அன்று பைக்கானூரிலிருந்து கிளம்பிய ரஷ்யாவின் புரோட்டான் ராக்கெட், மூன்று க்ளோனாஸ் சாட்டிலைட்டுகளோடு சுமார் அரை நிமிடத்தில் தலைகீழாகக் கவிழ்ந்து விழுந்தது. திரும்பும் வேகத்தை அளக்கும் சென்சார்களில் மூன்று தலைகீழாகப் பொருத்தப்பட்டிருந்தன என்று விசாரணையில் தெரிய வந்தது. ராக்கெட் வலப்பக்கம் சாய்ந்தால் இடப்பக்கம் சாய்வதாகச் சென்சார் சொல்லும். அதை நம்பிச் சரி செய்யப் போய் இன்னும் சாயும்.

நம் பக்கத்திலும் சென்சார் சம்பந்தமான ஒரு நஷ்டம் உண்டு. ஆசாதிசாட் என்ற 8 கிலோ சாட்டிலைட்டுக்கான சின்னச் சின்ன பகுதிகளை நாடு முழுவதும் 75 பள்ளிகளைச் சேர்ந்த 750 மாணவிகள் செய்தார்கள். அருப்புக்கோட்டையிலிருந்து அதிக தூரமில்லாத திருமங்கலம் அரசு பெண்கள் மேல்நிலைப் பள்ளி மாணவிகளும் அதில் உண்டு. 2022 ஆகஸ்ட் 7 அன்று எஸ்.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் முதல் பயணத்தில் அது போனது. இரண்டாம் அடுக்கு பிரியும்போது சிறிது நேரம் ஏற்பட்ட அதிர்வால் ராக்கெட்டின் ஆக்சிலரோமீட்டர்கள் தாறுமாறாகக் காட்டின. நல்ல சென்சார்கள் கெட்டுப் போய்விட்டதாக ராக்கெட்டின் கம்ப்யூட்டர் முடிவு கட்டிவிட்டது. விளைவு, 356 கி.மீ. வட்டப் பாதைக்குப் பதில் ஒரு பக்கம் 76 கி.மீ. வரை இறங்கும் பாதையில் விட்டுவிட்டது. அந்த உயரத்தில் எதுவும் தங்காது. இங்கே சாட்டிலைட்டின் மேல் ஒரு குற்றமும் இல்லை. மறுபடி செய்த ஆசாதிசாட்-2, 2023 பிப்ரவரி 10 அன்று நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தது.

மைனஸ் குறி தவறை முன்கூட்டியே கண்டுபிடிக்க வழி இல்லையா? இருக்கிறது. சாட்டிலைட் எப்படித் திரும்பினாலும், சூரியத் திசைக்கும் காந்தத் திசைக்கும் நடுவில் உள்ள கோணம் மாறாது. இடது பக்க எண்களிலும் வலது பக்க எண்களிலும் அந்தக் கோணம் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்தால் போதும். பி8 செல்லில் =பி2*பி3+சி2*சி3+டி2*டி3 என்றும், எஃப்8 செல்லில் அதையே காப்பி செய்தும் பாருங்கள். இரண்டும் பூஜ்யம் என்றால் கோணம் 90 டிகிரி.

இப்போது ஜி3 செல்லில் மைனஸை எடுத்தும் போட்டும் பாருங்கள். எஃப்8 அசையவே இல்லை! 90 டிகிரியைத் தலைகீழாக்கினாலும் 90 டிகிரிதானே. எண்களைச் சுலபமாக்கித் தந்த அதே அருப்புக்கோட்டை, தவறையும் மறைத்துவிட்டது. டெல்லிக்கு மேலே காந்தப் புலம் நன்றாகச் சாய்ந்து இருப்பதால், இதே சூரியத் திசைக்குக் கோணம் 123 டிகிரி அளவில் இருக்கும். காந்தத் திசை தலைகீழானால் அது 57 ஆகிக் காட்டிக் கொடுத்துவிடும். டெல்லிக்கும் நமக்கும் நடுவே சாட்டிலைட்டுக்கு ஐந்து நிமிடப் பயணம்தான். அதனால்தான் ஓர் இடத்துக் கணக்கை மட்டும் நம்பாமல், பாதை நெடுகிலும் சரி பார்த்துக் கொண்டே போகும்படி புரோகிராம் எழுதுகிறார்கள். சூரியன் பூமிக்குப் பின்னால் மறைந்துவிடும் நேரமும் உண்டு. ஒன்றரை மணி நேரச் சுற்றில் அரை மணிக்கு மேல் கூட இருட்டு இருக்கலாம். அப்போது கைரோ என்ற சென்சார் திரும்பும் வேகத்தைக் கூட்டிக் கூட்டிக் கணக்கை ஓட்டும். நேரம் ஆக ஆக அதில் பிழை சேரும், வெளிச்சம் வந்ததும் திருத்திக் கொள்ள வேண்டும்.

இதே ஷீட்டை உங்கள் போனுக்கும் பயன்படுத்தலாம். தரையில் தூக்குக்குண்டு வேலை செய்வதால் சூரியன் வேண்டாம். பி2, சி2, டி2 செல்களில் 0, 0, 1 என்று மேல் திசையைப் போடுங்கள். மூன்றாவது வரிசை அப்படியே இருக்கட்டும். எஃப்2 முதல் ஹெச்2 வரை ஆக்சிலரோமீட்டரின் மூன்று அளவுகளையும் 9.8-ஆல் வகுத்தும், எஃப்3 முதல் ஹெச்3 வரை மேக்னட்டோமீட்டரின் மூன்று அளவுகளையும் 40-ஆல் வகுத்தும் போடுங்கள். ஆறாவது வரிசையில் வருவது போனின் திரை பார்க்கும் திசை. போனைச் செங்குத்தாக நிறுத்தி, திரையைக் கிழக்கே திருப்பினால் 1, 0, 0 என்பதை ஒட்டி வர வேண்டும். மைனஸ் 1 வந்தால் திரை மேற்கே பார்க்கிறது, போனைத் திருப்பி வைத்து மறுபடி அளவெடுங்கள்.